ஒரு மணித்தியாலம் முன்னால்

பதுளை
30.10.2022

மதினிக்கு,

நான்கு முறை அழைத்தேன். நான்கு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. நிஷாந்தினியின் எண்ணுக்கு எடுத்தால், "அம்மா குளிக்கப் போயிருக்கு அத்தை" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் குளிக்கப் போயிருக்கிறீர்கள், இரவு ஏழு மணிக்கும் போயிருக்கிறீர்கள். ஆகவே எழுதுகிறேன். தபாலில் போட்டால் தோட்ட ஆபீசில் கிடந்து, யார் யாரோ திருப்பிப் பார்த்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். சந்தியில் முஸ்தாக்கின் கடையில் கொடுத்துவைக்கிறேன். பதில் இருந்தால் அங்கேயே கொடுங்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் நான் பேசிய விதம் சரியில்லை. "மணியப் பழையபடி வைக்கச் சொல்லு விஜி" என்று நீங்கள் கேட்டீர்கள். நான், "கஷ்டம்னு சும்மா சொன்னா ஏத்துக்க மாட்டாங்க மதினி. என்னைக்கு, யாருக்கு, என்ன நடந்துச்சுன்னு வேணும்" என்றேன். அலுவலகத்தில் பேசுகிற பேச்சு அது. அண்ணன் மனைவியிடம் பேசுகிற பேச்சு இல்லை.

ஆனால் ஒன்றை நீங்களும் நினைத்துப்பார்க்க வேண்டும். மே மாதம் எங்கள் தொண்டு நிறுவனத்துக்காக உங்கள் தோட்டத்தில் அந்தக் கருத்துக்கணிப்பை எடுத்தவள் நான். தோட்டத்துக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைத்தால், பெண்கள் பின்னேரம் மூன்றரைக்கே வீடு திரும்பலாம், கரண்ட் போகுமுன் சமைத்துவிடலாம் என்று அறிக்கை எழுதியவளும் நான். நூற்றுப் பன்னிரண்டு பெண்களில் தொண்ணூற்றேழு பேர் ஆமாம் என்றார்கள். தீபாவளிவரைதான் என்று நிர்வாகம் சொன்னது. இப்போது தொடரப்போவதாகச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு என் அறிக்கையின் பிரதியையே எனக்கு அனுப்பினார்கள். மஞ்சள் கோடு போட்டிருந்தது.

என் சொந்த வாக்கியத்தை எதிர்த்து நான் வாதாட வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் விவரம் கேட்டேன்.

விஜயலெட்சுமி


டன்வர்த் தோட்டம், மேல் டிவிசன்
6.11.2022

விஜி அவர்களுக்கு இராக்கம்மா எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. "என்னக்கா, போன்ல பேசாத பேச்சா? சுத்தி கம் போட்டு ஒட்டியிருக்காங்க" என்று முஸ்தாக் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நீங்கள் விவரம் கேட்டீர்கள். எழுதுகிறேன். அந்தத் தொண்ணூற்றேழு பேரில் நானும் ஒருத்தி. வைகாசியில் விடிகாலையே கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது. சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். தீபாவளிக்குள் மாறிவிடும் என்றும் நினைத்தேன்.

எனக்கு மாலைக்கண். பகலில் ஒரு குறையும் இல்லை, கொழுந்தின் நரம்புகூடத் தெரியும். வெளிச்சம் மங்கினால் எல்லாம் ஒரே கரி. பதுளை ஆஸ்பத்திரியில் காட்டியாகிவிட்டது. கண்ணாடி போட்டுச் சரியாகிற வியாதி இல்லை என்றார்கள். உங்கள் அண்ணனுக்குத் தெரியும், அவர் போய் எட்டு வருசமாகிறது. என்னோடு கொழுந்து எடுக்கிற றோசாலிக்குத் தெரியும். நிஷாவுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கு.

முன்பு ஆறரைக்குப் பெரட்டு. ஊருக்கே வெளிச்சம் வந்த பிறகு பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் எனக்கென்ன? இப்போது தோட்டத்து ஆறரை என்றால் டவுனில் ஐந்தரை. பனியும் சேர்ந்துகொள்கிறது. றோசாலி முன்னால் நடக்கிறாள். அவள் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போகிறேன். "ரயிலுக்குப் பின்னால கார்டு பெட்டி மாதிரி வர்றியேடி, ஒரு பச்சக் கொடியாவது காட்டு" என்பாள். மற்றவர்கள் நாங்கள் ரொம்ப ஒட்டு என்று நினைக்கிறார்கள்.

லயத்து வாசலிலிருந்து பெரட்டுக் களத்துக்கு முந்நூற்றுப் பத்து அடி. நடுவில் இரண்டு தண்ணீர்க் கான், ஒரு படிக்கட்டு. எண்ணி வைத்திருக்கிறேன்.

தோட்டத்து வேலைப் பதிவில், செக்ரோலில், எங்கள் வீட்டில் என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அது போனால் லயத்தில் நாங்கள் இருக்கிற காம்பரா போகும். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கொடுக்கிற லிஸ்ட் காம்பராக் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள், அதுவும் போகும். நிஷாவுக்கு ஜனவரி இருபத்து மூன்றில் உயர்தரப் பரீட்சை. அவள் எழுதி முடித்து, கெம்பஸ் கிடைக்கும்வரை என் பெயர் அங்கே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதை நீங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது. எழுதவும் கூடாது.

இராக்கம்மா


பதுளை
13.11.2022

மதினிக்கு,

முதலில் சின்ன விஷயம். நீங்கள் எனக்கு 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'ஏய் விஜி' என்றுதான் கூப்பிட்டீர்கள். நான் பேராதனைக்குப் படிக்கப் போனபோதும், வேலை கிடைத்தபோதும் அது மாறவில்லை. இப்போது மாறியிருக்கிறது. கவனித்தேன் என்று சொல்வதற்காக மட்டும் எழுதுகிறேன்.

மற்றதையும் வாசித்தேன். முப்பது வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. கார்த்திகை விளக்குக்கு வந்த நாட்களில் வாசலில் நீங்கள் எப்போதும் உட்கார்ந்தே இருப்பீர்கள். எழுந்து வந்து விளக்கேற்ற மாட்டீர்கள். திமிர் என்று நினைத்திருக்கிறேன். மன்னியுங்கள்.

கசப்பான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். மார்கழியோடு இருட்டு குறையும் என்று நீங்கள் நினைத்திருந்தால், குறையாது. நம் பக்கத்தில் ஜனவரி கடைசிவரை சூரியன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்தே உதிக்கும். நிஷாவின் பரீட்சை வாரத்தில்தான் காலை ஆகவும் இருட்டாக இருக்கும். மே மாதத்தில் எனக்கு இது தெரியாததல்ல. பூகோளம் படித்தவள் நான். தீபாவளிவரை என்றதால் கணக்கில் எடுக்கவில்லை.

இத்துடன் முஸ்தாக்கிடம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருக்கிறேன். சாதாரணமானதுதான், ஒரு சிறிய பெட்டரியில் ஓடும். அதை டவுன் நேரத்தில் வைத்து நிஷாவின் மேசைக்கு மேலே மாட்டுங்கள். பிள்ளை இரண்டு நேரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பரீட்சை மண்டபத்துக்குப் பிந்திப் போகக்கூடாது.

உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

விஜி


டன்வர்த், மேல் டிவிசன்
4.12.2022

விஜி அவர்களுக்கு,

கிளாக் வந்தது. சுவரில் இப்போது இரண்டு கிளாக். ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று நிஷாவுக்கு. பக்கத்துக் காம்பரா தனுஜா வந்து பார்த்துவிட்டு, "என்ன பெரியம்மா, வெளிநாட்டு ஆபீஸ் மாதிரி இருக்கு, இதுல லண்டன் எது?" என்றாள்.

நீங்கள் நல்லதுக்குத்தான் அந்த அறிக்கையை எழுதினீர்கள். எனக்குத் தெரியும். பின்னேரம் ஒரு மணித்தியாலம் மிச்சம் பிடித்துக் கொடுத்தீர்கள். இந்த மாதம் பூராவும் அந்த மணித்தியாலத்தில் மழைதான் பெய்கிறது. மூன்றரைக்கு வந்து, ஈரத் துணியோடு அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு மழை விடுகிறதா என்று பார்க்கிறோம். காலையில் எடுத்த மணித்தியாலம் மட்டும் எடுத்ததுதான். மூன்றரைக்கு எழும்ப வேண்டியிருக்கிறது. றோசாலி மலையில் நின்றபடியே தூங்குகிறாள். கங்காணி யாகோப்பு, "என்ன றோசாலி, கொழுந்து உன்னைய எடுக்குதா?" என்று கேட்டார். அவரும் கொட்டாவி விட்டபடிதான் கேட்டார்.

பள்ளிக்கூடம் அரசாங்க நேரத்தில் நடக்கிறது. தாய்மார் தோட்ட நேரத்தில் போகிறார்கள். நடுவில் இருக்கிற நேரத்தில் பிள்ளைகள் தாங்களே எழும்பி, தாங்களே தண்ணி கொதிக்க வைக்கிறார்கள். போன கிழமை தனுஜாவின் சின்ன மகளுக்குக் கையில் சுடுதண்ணி கொட்டிவிட்டது. இதைத் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள், நவம்பர் 29, செவ்வாய். தனுஜா எழுதச் சொன்னாள்.

என்னுடையதை மட்டும் விடுங்கள். பரீட்சை முடியும்வரை ஒன்றும் செய்ய வேண்டாம். நிஷா நன்றாகப் படிக்கிறாள். புவியியலில் உங்களை மிஞ்சிவிடுவேன் என்கிறாள்.

இராக்கம்மா


பதுளை
11.12.2022

மதினிக்கு,

உங்கள் கடிதம் எட்டாம் தேதி என் கைக்கு வந்தது. நேரத்தைப் பழையபடி மாற்றக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிய மனுவை ஐந்தாம் தேதியே கொடுத்துவிட்டேன்.

என்ன எழுதினேன் என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். உறக்கக் குறைவு, தனியே விடப்படும் பிள்ளைகள், பனியில் வழுக்கும் படிகள் எல்லாம் எழுதினேன். எங்கள் பணிப்பாளர் வாசித்துவிட்டு, "இதெல்லாம் எல்லாத் தோட்டத்துலயும் சொல்றதுதானே மிஸ். மனசில் தைக்கிற மாதிரி ஒண்ணு வேணும்" என்றார். அப்போது ஒரு பந்தியைச் சேர்த்தேன். "மேல் டிவிசனில் மாலைக்கண் உள்ள ஒரு பெண் தொழிலாளி, சக தொழிலாளியின் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொரு நாளும் இருட்டில் பெரட்டுக்குச் செல்கிறார்."

பெயர் இல்லை. வயது இல்லை. விதவை என்றுகூட இல்லை. ஆய்வுகளில் இப்படித்தான் செய்கிறோம், யாரையும் அடையாளம் காண முடியாது.

இந்த வாக்கியத்தை இங்கே எழுதும்போதுதான் யோசிக்கிறேன், மேல் டிவிசனில் எத்தனை பெண்கள் இன்னொருத்தியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று.

நாளையிலிருந்து றோசாலியின் கயிற்றைப் பிடிக்காதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லை, அதுவும் வேண்டாம். போனை எடுங்கள்.

விஜி


டன்வர்த்
23.12.2022

நடந்ததை எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் உதவி மேனேஜர் சின்னத் தொரையும் தோட்டத்து மருந்துக்காரரும் நின்றார்கள். எனக்குக் குரல்தான் கேட்டது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லாரும் ஒரு பக்கம் நில்லுங்கள் என்றார்கள். எங்கள் சுகத்துக்காக ஒரு சோதனையாம். ஒவ்வொருத்தியாக மேசைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வேறொன்றும் இல்லை.

மேசை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து வருசமாக ஒரே இடம், நான் நிற்கிற தூணிலிருந்து இருபத்திரண்டு அடி. எனக்கு முன்னால் ஆறு பேர் போனார்கள். றோசாலி திரும்பி வரும்போது என் காதுக்குப் பக்கத்தில், "இடது பக்கம்டி, இடது பக்கம் தள்ளிப் போட்டிருக்கானுங்க" என்றாள். யாகோப்பு, "பேசாம வா றோசாலி" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு அடி நேராக நடந்தேன். பிறகு இடது பக்கம் திரும்பினேன். எவ்வளவு இடது என்று அவள் சொல்லவில்லை. கானுக்குள் முழங்கால் போனது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னத் தொரையே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல? ஏதாச்சும் ஆகியிருந்தா எங்களுக்குத்தானே பொறுப்பு" என்றார். நல்ல மனிதர். உங்கள் மனுவைப் படித்துவிட்டு அவருக்கு இரவெல்லாம் கவலையாம்.

டிசம்பர் 31-ஆம் தேதியோடு என்னை மருத்துவ ஓய்வில் நிறுத்துகிறார்கள். காம்பராவில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால் பதினைந்து நாளைக்குள் வீட்டிலிருந்து வேலைக்கு ஒரு பெயர் பதிய வேண்டுமாம்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இராக்கம்மா


பதுளை
28.12.2022

மதினி,

தோட்ட ஆபீசுக்கு நேற்றுப் போனேன். வாசல்வரை வந்து வரவேற்றார்கள், தேநீர் கொடுத்தார்கள். எல்லாம் சட்டப்படி, எல்லாம் தொழிலாளியின் பாதுகாப்புக்காக. நான் எதிர்பார்த்த கதவடைப்பு எங்கும் இல்லை. இவ்வளவு மரியாதையாக நடத்துகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவதென்று யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. தொழிற்சங்கத்து ஆளைப் பார்த்தேன். "கண்ணு தெரியாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே மிஸ்" என்றார்.

இருவரும் இங்கே வந்துவிடுங்கள். என்னுடையது ஒரு அறைதான், வீட்டுக்கார அம்மாவிடம் பேசிவிட்டேன். பரீட்சைவரையாவது. காணி போகட்டும், காம்பரா போகட்டும். நிஷா எழுதினால் போதும்.

உங்களிடம் கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அவளைப் பதிய வேண்டாம்.

விஜி


டன்வர்த்
10.1.2023

விஜி அவர்களுக்கு,

காணி போகட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே நாற்பது வருசமாக எல்லாரும் காத்திருப்பது அந்த ஏழு பேர்ச்சுக்குத்தான். லிஸ்டில் எங்கள் இலக்கம் 31. உங்கள் அறை வாடகை அறை. அந்த அம்மா நாளைக்கு எழும்பச் சொன்னால் மூன்று பேரும் எங்கே போவோம்? அதை யோசித்தீர்களா? இல்லை, யோசித்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லவில்லை. எனக்கு யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

நான் நிஷாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளே நேற்று ஆபீசுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். "பரீட்ச உள்ள நாளுக்கு மட்டும் லீவு கேட்டா குடுப்பாங்கம்மா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். யாகோப்பு கங்காணியும் கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

முதல் மாதம் ஒரு நாள் தவறினாலும் பெயரை நிரந்தரமாக்க மாட்டார்களாம். அது பழைய சட்டமாம்.

இன்று காலை அவளுக்கு என் கூடையைக் கட்டிவிட்டேன். கயிறு நீளமாக இருந்தது. அவள் மெலிந்த பிள்ளை.

இராக்கம்மா


பதுளை
5.2.2023

மதினி,

இருபத்து மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கே பரீட்சை நிலையத்து வாசலில் போய் நின்றேன். உங்கள் பக்கமிருந்து வரும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வந்த பிள்ளைகள் எல்லாரும் இறங்கினார்கள். அடுத்த பஸ்ஸிலும் பார்த்தேன். எட்டரைக்குக் கேட்டைச் சாத்தினார்கள். பிந்தி வருவாள் என்று பதினொரு மணிவரை நின்றேன். பிந்தி வந்தால் உள்ளே விட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மறுநாளும் போனேன்.

மனுவுக்கு நிர்வாகத்தின் பதில் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "தாங்கள் சுட்டிக்காட்டிய விடயம் உடனடியாகத் தீர்க்கப்பட்டது. பார்வைக் குறைபாடுடைய தொழிலாளர் எவரும் தற்போது பதிவேட்டில் இல்லை. எனவே நடைமுறையிலுள்ள நேரம் தொடரும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

எங்கள் அலுவலகத்தில் இதை ஒரு வெற்றியாக ஆண்டறிக்கையில் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். சேர்த்துவிடுவார்கள்.

மேன்முறையீடு ஒன்று எழுதலாம். எழுதட்டுமா?

விஜி


டன்வர்த்
12.2.2023

ஏய் விஜி,

எழுதாதே.

நீ கேட்டில் நின்றாய் என்று முஸ்தாக் முன்பே சொன்னார். நிஷா அன்றைக்கு மூன்றரைக்கே எழும்பி வெள்ளை யூனிபோமைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். லீவு கிடைக்கவில்லை என்று முதல் நாள் பின்னேரமே யாகோப்பு வந்து சொல்லிவிட்டார். அவர் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று சொன்னார். "நீ போ நிஷா, பேரு போனாப் போகுது" என்றேன். நிசமாகத்தான் சொன்னேன். பேக்டரி சங்கு ஊதியது. எழும்பி யூனிபோமைக் கழற்றி மடித்து வைத்தாள். "அடுத்த வருசம் எழுதலாம்மா" என்றாள். அடுத்த வருசமும் அதே சங்குதான் ஊதும். அவளுக்கும் தெரியும்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. முன்பு இருந்தது. கோபப்படவும் ஏதாவது நடக்கும் என்ற நினைப்பு வேண்டுமல்லவா?

எனக்கு இப்போது வேலை இல்லை. விடிந்த பிறகு எழும்பினால் போதும். வாசலில் நல்ல வெயில் அடிக்கிறது, எதிர் மலையில் யார் யார் எந்த நிரையில் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரிகிறது. நிஷா நிற்பதும் தெரிகிறது. இவ்வளவு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அவள் இன்னும் முந்நூற்றுப் பத்து அடியைப் பழகவில்லை. வியாழக்கிழமை படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள், பெரிதாக ஒன்றுமில்லை. றோசாலி கயிற்றைப் பிடிச்சுக்க என்றாளாம். இவள் வெட்கப்பட்டு மாட்டேன் என்றிருக்கிறாள். பழைய டார்ச் ஒன்று இருந்தது, பெட்டரி இல்லை. நீ அனுப்பிய கிளாக்கில் இருந்ததைக் கழற்றி அதில் போட்டுக் கொடுத்தேன். சரியாகப் பொருந்தியது.

இராக்கம்மா